எந்தக் கேள்விக்கு இந்தக் குழு?

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயங்கிவந்த கராத்தே சங்கம் இரண்டாக உடைந்தது. பயிற்சிக் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்றார் பயிற்சியாளர்; சங்கத் தலைவர் மறுத்தார். பூசல் முற்றிப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அவருடைய ஆதரவாளர்கள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் தொடங்கினார்கள். இப்படி உடைந்த சங்கங்கள் உலகில் ஏராளம். இது மட்டும் கணித நூல்களில் நிலைத்துவிட்டதற்குக் காரணம், அந்தச் சங்கத்தை மூன்றாண்டுகள் கவனித்த வேய்ன் சாக்கரி என்ற மானிடவியல் ஆய்வாளர். பயிற்சிக்கு வெளியிலும் ஒருவரோடொருவர் பழகிய 34 பேரை 34 புள்ளிகளாக வரைந்தார். அவர்களுக்கிடையே இருந்த பழக்கங்களை 78 கோடுகளாகப் போட்டார். புள்ளிகளும் கோடுகளும் கொண்ட இப்படிப்பட்ட படத்துக்குக் கணிதத்தில் கோட்டுரு என்று பெயர். அந்தக் கோட்டுருவை ஓர் அல்காரிதத்திடம் கொடுத்து, பிளவு எந்த இடத்தில் விழ வேண்டும் என்று கணக்கிட்டார். 1977-இல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, ஒரே ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அல்காரிதம் சொன்ன அணியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். தப்பிப்போன அந்த ஒன்பதாம் எண்காரர் தலைவர் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தவர்தான். ஆனால் கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு மூன்றே வாரங்கள் இருந்ததால் பயிற்சியாளரோடு போய்விட்டார்.

சாக்கரி அந்த அல்காரிதத்திடம் என்ன கேட்டார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். "இந்த 34 பேருக்குள் எத்தனை குழுக்கள் உள்ளன?" என்று அவர் கேட்கவில்லை. பயிற்சியாளரை ஒரு முனையிலும் தலைவரை எதிர்முனையிலும் தாமே நிறுத்தினார். பழக்கத்தின் நெருக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எடை கொடுத்தார். இந்த இருவரையும் பிரிக்கும் வெட்டுகளில், அறுபடும் கோடுகளின் மொத்த எடை எதில் மிகக் குறைவு என்று கேட்டார். 1956-இல் ஃபோர்டும் ஃபுல்கர்சனும் தீர்த்துவைத்த புகழ்பெற்ற கணக்கு இது. அதன் பின்னணியில் பனிப்போர் இருக்கிறது. சோவியத் ரயில் பாதைகளை எந்த இடங்களில் துண்டித்தால் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு முழுவதும் நின்றுபோகும் என்று கணக்கிட்ட 1955-ஆம் ஆண்டின் ரகசிய அறிக்கைதான் இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதல். அந்த அறிக்கை 1999-இல்தான் வெளியே வந்தது. இரண்டு எதிரணித் தலைவர்கள் யார் என்று முன்பே தெரிந்த ஒரு சங்கத்துக்கு இந்தக் கேள்வி கச்சிதமாகப் பொருந்தியது. விடை சரியாக வந்ததில் பாதிப் பெருமை அல்காரிதத்துக்கு என்றால், மீதிப் பாதி கேள்வியைச் சரியாக அமைத்த மனிதருக்கு உரியது.

அதே 34 பேரிடம் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். 2004-இல் நியூமன், கர்வன் என்ற இரு ஆய்வாளர்கள் மாடுலாரிட்டி என்ற அளவுகோலை முன்வைத்தார்கள். குழுக்களுக்குள் இருக்கும் கோடுகளை எண்ண வேண்டும். ஒவ்வொருவருக்கும் இருக்கும் தொடர்புகளின் எண்ணிக்கையை மாற்றாமல், யாரோடு யார் என்பதை மட்டும் தற்செயலாக விட்டிருந்தால் எத்தனை கோடுகள் குழுக்களுக்குள் விழுந்திருக்கும் என்பதை அதிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சத்தை மொத்தக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் மதிப்பு எவ்வளவுக்கு அதிகமோ, அவ்வளவுக்குப் பிரிப்பு நல்லது. கராத்தே சங்கத்துக்கு இந்த அளவுகோலின்படி மிகச் சிறந்த பிரிப்பு எது என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறார்கள். அது நான்கு குழுக்கள் கொண்டது, மதிப்பு 0.4198. உண்மையில் நடந்த இரண்டு அணிப் பிளவின் மதிப்பு சுமார் 0.36-தான். இங்கே அல்காரிதம் தவறவில்லை, தோராயமாகவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத் துல்லியமான விடையைத் தந்தது. அந்த விடை நடந்ததோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக இன்னொரு கேள்வி. ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு சோடியாகப் பழகியிருக்க வேண்டும். வெவ்வேறு குழுவினர் பழகியிருக்கக் கூடாது. இதை மீறும் ஒவ்வொரு சோடியும் ஒரு முரண். முரண்கள் மிகக் குறைவாக உள்ள பிரிப்பு எது? இந்த அளவுகோலை வைத்துக் கராத்தே சங்கத்தின் உண்மைப் பிளவை எடைபோட கணினிகூட வேண்டாம். அணிக்கு 17 பேர் என்று வைத்தால் ஓர் அணிக்குள் 136 சோடிகள், இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 272 சோடிகள். சங்கம் முழுவதிலும் இருக்கும் கோடுகளே 78. ஆகவே அணிகளுக்குள் பழக்கமே இல்லாத சோடிகள் குறைந்தது 194, அத்தனையும் முரண்கள். குழுவே அமைக்காமல் 34 பேரையும் தனித்தனியாக விட்டுவிட்டால் வரும் முரண்களோ 78 மட்டும்தான். அதாவது இந்தக் கேள்வியின் கண்ணுக்கு, கண் முன்னே நடந்த ஒரு பிளவு, குழுவே இல்லை என்று சொல்வதைவிட மோசமான விடை.

ஒரே சங்கம், ஒரே 78 கோடுகள், மூன்று கேள்விகள், ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று விடைகள். இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது இது: கோட்டுருவைக் குழுக்களாகப் பிரிக்கும்போது நாம் புதைபொருளைத் தோண்டி எடுக்கவில்லை, நாமே வகுத்த ஓர் அளவுகோலுக்கு விடை தேடுகிறோம். சேர்ப்பியல் உகப்பாக்கம் என்ற கணிதத் துறையின் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. எண்ணித் தீராத சேர்க்கைகளுக்குள் மிகச் சிறந்த ஒன்றைத் தேடுவது அதன் வேலை. அப்படித் தேடுவதற்கு முன்னால், "சிறந்தது" என்றால் என்னவென்று எழுத்தில் வைக்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. எழுதி வைத்ததைத்தான் பிறர் படித்துப் பார்த்து மறுக்க முடியும்.

கேள்வியை எழுதிவிட்டால் போதுமா, விடை கிடைத்துவிடுமா என்றால், அங்கே அடுத்த மலை நிற்கிறது. 5 பேரைக் குழுக்களாகப் பிரிக்க 52 வழிகள் உண்டு. 10 பேர் என்றால் 1,15,975 வழிகள். 20 பேருக்கு 51 லட்சம் கோடிக்கும் மேல். கராத்தே சங்கத்தின் 34 பேருக்கு வரும் எண்ணை எழுத 29 இலக்கங்கள் வேண்டும். கணினி வேகமானதுதானே, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்களே பதில். குறுக்குவழி இருக்கிறதா? தலைவர்கள் இருவரை முன்பே நிறுத்திவிட்ட சாக்கரியின் கேள்விக்கு இருக்கிறது. மற்ற இரண்டும் என்பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்தவை: எந்தக் கோட்டுருவைக் கொடுத்தாலும் மிகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் அல்காரிதம் எதுவும் இவற்றுக்கு இதுவரை தெரியவில்லை, அப்படி ஒன்று இருக்கும் என்று கணினி அறிவியலாளர்களில் பெரும்பாலோர் நம்புவதும் இல்லை. சிறிய தரவுகளுக்கு மட்டும் துல்லிய விடையை எட்ட வழியுண்டு. 1989-இல் குரோட்செலும் வகபயாஷியும் காட்டிய முறை அவற்றில் ஒன்று. அ-வும் ஆ-வும் ஒரே குழு, ஆ-வும் இ-யும் ஒரே குழு என்றால், அ-வும் இ-யும் ஒரே குழுவாகத்தான் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை எல்லா மூவருக்கும் முதலிலேயே எழுதினால் கணக்கு தாங்காது. ஆகவே மீறல் தென்படும் மூவருக்கு மட்டும் எழுதி, எழுதி, விடையை நெருங்கினார்கள்.

இந்த மூவர் நிபந்தனைதான் இந்தத் துறையின் மிக அழகான ஓர் அல்காரிதத்துக்கும் வேர். மேலே மூன்றாவதாகப் பார்த்த முரண் எண்ணும் கேள்வி கராத்தே சங்கத்துக்குப் பொருந்தாதது. ஆனால் வேறோர் இடத்தில் அதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. ஒரு பெரிய பெயர்ப்பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். "சு. முருகேசன்", "முருகேசன் சு.", "எஸ். முருகேசன்", "சுப்பையா முருகேசன்" என்று நான்கு பதிவுகள் இருக்கின்றன. தலைப்பெழுத்தை முன்னே போடுவதா பின்னே போடுவதா, தமிழில் எழுதுவதா ஆங்கில உச்சரிப்பில் எழுதுவதா என்று ஆளுக்கொரு வழக்கம் உள்ள நமக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். இரண்டிரண்டு பதிவுகளாக ஒப்பிட்டு "ஒரே ஆள்", "வேறு ஆள்" என்று சொல்ல ஒரு மென்பொருளால் முடியும். ஆனால் அது சில இடங்களில் தவறும். முதலும் இரண்டாவதும் ஒரே ஆள், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஆள், முதலும் மூன்றாவதும் வேறு ஆள் என்று ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லும். இதில் ஏதோ ஒன்று பொய். மொத்தத்தில் மிகக் குறைவான தீர்ப்புகளைப் புறக்கணித்து, முரணில்லாத குழுக்களாக எப்படிப் பிரிப்பது? பன்சல், புளூம், சாவ்லா மூவரும் 2002-இல் கோரிலேஷன் கிளஸ்டரிங் என்ற பெயரில் இந்தக் கேள்வியைக் கணினி அறிவியலின் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். எத்தனை குழுக்கள் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. பட்டியலில் எத்தனை முருகேசன்கள் என்று தெரியாததுதானே பிரச்சினையே.

2005-இல் ஐலான், சரிகார், நியூமன் ஆகியோர் (மாடுலாரிட்டியின் நியூமன் வேறு, இவர் வேறு) இதற்குத் தந்த அல்காரிதத்தை நான்கு வரியில் சொல்லிவிடலாம். பட்டியலிலிருந்து ஒரு பதிவைச் சீட்டுக் குலுக்கி எடு. அதோடு "ஒரே ஆள்" என்று தீர்ப்பான எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குழுவாக்கு. அந்தக் குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. மிச்சத்தில் மறுபடியும் சீட்டுக் குலுக்கு. இவ்வளவு எளிய முறையை எப்படி நம்புவது? அதற்கு நிரூபணம் இருக்கிறது, அதன் கருவும் எளியது. இரண்டு "ஒரே ஆள்", ஒரு "வேறு ஆள்" என்று மேலே பார்த்த முரண்பட்ட மூவரை ஒரு கெட்ட முக்கோணம் என்போம். எந்த மேதை பிரித்தாலும் ஒரு கெட்ட முக்கோணத்தில் குறைந்தது ஒரு முரணாவது விழுந்தே தீரும். சீட்டுக் குலுக்கும் முறையில் விழும் ஒவ்வொரு முரணுக்கும் ஒரு கெட்ட முக்கோணத்தைக் காரணமாகக் காட்ட முடியும்: முக்கோணத்தின் மூன்று புள்ளிகளில் எது முதலில் சீட்டில் வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் முரணாகும். மூன்று பக்கங்களும் சம வாய்ப்போடு இந்தப் பழியை ஏற்பதால், சராசரியில் முரண்களின் எண்ணிக்கை மிகச் சிறந்த விடையின் மூன்று மடங்கைத் தாண்டாது. மிகச் சிறந்த விடை எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று சொல்ல முடிகிறது. மனித அறிவு எட்டிய அபூர்வமான உத்திகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

மூன்று மடங்கு என்பது மோசமான உத்தரவாதம் அல்லவா என்று கேட்பார்கள். அது மிகக் கெட்ட தரவுக்கும் பொருந்தும் உச்ச வரம்பு. தீர்ப்புகளில் முரணே இல்லாத பட்டியலில் இதே முறை ஒரு தீர்ப்பையும் மீறாமல் பிரித்துவிடும். மேலும் அந்த வரம்பு அங்கேயே நிற்கவும் இல்லை. 2003-இல் சரிகார், சென்னை ஐஐடியில் படித்த வெங்கடேசன் குருசுவாமி, வர்த் ஆகிய மூவரும் தந்த வரம்பு 4. 2005-இல் சீட்டு முறைக்கு 3, அதே கட்டுரையின் இன்னொரு முறைக்கு 2.5. 2015-இல் 2.06. அதற்குமேல் அதுவரை எல்லோரும் பயன்படுத்திய கருவியால் 2-க்குக் கீழே இறங்கவே முடியாது என்று தெரிந்திருந்ததால், 2022-இல் வேறு கருவியை எடுத்துத்தான் 2-ஐ உடைத்தார்கள். 2024-இல் 1.437. எவ்வளவுதான் முயன்றாலும் எட்ட முடியாத எல்லையும் உண்டு: 24/23 மடங்கைவிட நெருங்குவதே என்பி-கடினம் என்று அதே 2024-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. இரு பக்கமும் சுவர் எழுப்பி, நடுவில் இருக்கும் அறியாமையின் அகலத்தை எண்ணாகச் சொல்லும் துறைகள் மிகச் சிலவே.

குழுக்கள் புதைபொருள் அல்ல என்ற என் வாதத்துக்கு வலுவான மறுப்பு பெல்ஜியத்திலிருந்து வருகிறது. 2008-இல் லூவன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள புளோந்தெலும் மூன்று சக ஆய்வாளர்களும் மாடுலாரிட்டியை விரைவாக உயர்த்தும், லூவன் முறை என்று அழைக்கப்படும் ஒரு முறையைக் கண்டார்கள். ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துக் குழுவுக்கு நகர்த்திப் பார்ப்பது, மதிப்பு கூடினால் அங்கேயே விடுவது, பிறகு ஒவ்வொரு குழுவையும் ஒரே புள்ளியாகச் சுருக்கி மீண்டும் அதையே செய்வது, இவ்வளவுதான். சுமார் 20 லட்சம் பெல்ஜியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் அழைப்புகளை இந்த முறைக்குக் கொடுத்தார்கள். யார் என்ன மொழி பேசுபவர் என்று அதற்குச் சொல்லவில்லை. ஆனாலும் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட குழுக்களில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 85 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஒரே மொழிக்காரர்களாக இருந்தார்கள். பிரெஞ்சு மொழிக்காரர்களும் டச்சு மொழிக்காரர்களும் தனித்தனியே வாழும் ஒரு நாட்டின் உண்மை, எண்களிலிருந்து தானே எழுந்து வந்தது. அப்படியானால் குழுக்கள் தரவுக்குள்ளேயே இருக்கின்றன, கேள்வி கேட்பவர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி.

என் பதில் இது. அழுத்தமான பிளவுகள் உலகில் உண்டு. அவை பல அளவுகோல்களுக்கும் தென்படும். மாடுலாரிட்டி சொன்ன நான்கு கராத்தே குழுக்கள்கூட, நடந்த இரண்டு அணிகளை ஏறக்குறைய அணிக்கு இரண்டாகப் பிரித்தவைதான். ஆனால் பெல்ஜியத்தில் கிடைத்தது உண்மை என்று நமக்கு எப்படித் தெரிந்தது? மொழி என்ற வெளிச்சாட்சி இருந்தது. சாட்சி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தக் குழுவும் இல்லாமல், முழுக்கத் தற்செயலாகக் கோடு போட்ட கோட்டுருக்களிலும் மாடுலாரிட்டியின் மதிப்பு மிக உயரமாக வரக்கூடும் என்று 2004-இல் கிமெராவும் சகாக்களும் காட்டினார்கள். மாடுலாரிட்டிக்குச் சிறு குழுக்கள் கண்ணில் படுவதில்லை என்று 2007-இல் ஃபோர்துனாதோ, பார்தெலெமி இருவரும் நிறுவினார்கள். 100 கோடிக் கோடுகள் கொண்ட ஒரு வலையில், 200 பேர் 200 பேராக இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு. எந்த மனிதரும் இவற்றை இரண்டு கூட்டங்கள் என்பார். மாடுலாரிட்டியின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், இரண்டையும் ஒன்றாக்கினால்தான் மதிப்பு கூடுகிறது. 2010-இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, உச்ச மதிப்பை ஒட்டியே, ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட எண்ணற்ற பிரிப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து "இதுதான் குழு" என்று நீட்டுவது, மற்றவற்றை மறைப்பதாகும்.

உகப்பாக்கக் கணிதத்தையே குறைசொல்லும் மறுப்பும் ஒன்று உண்டு. நடைமுறையில் வேகம்தான் முக்கியம், லூவன் முறை கோடிக்கணக்கான புள்ளிகளை அனாயாசமாகப் பிரிக்கிறது, நிரூபணம் யாருக்கு வேண்டும் என்பது அது. அதற்கான பதில் 2019-இல் நெதர்லாந்தின் லைடன் நகரிலிருந்து வந்தது. லூவன் முறை தரும் குழுக்களில் 25 சதவீதம் வரை உள்ளிணைப்பு பலவீனமானவை, 16 சதவீதம் வரை உள்ளுக்குள்ளேயே துண்டுபட்டுக் கிடப்பவை என்று டிராக், வால்ட்மன், வான் எக் மூவரும் காட்டினார்கள். ஒரே குழு என்று சொல்லப்பட்ட புள்ளிகளுக்கு நடுவே, அந்தக் குழுவுக்குள் நடந்துபோகப் பாதையே இல்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பயன்பட்டுவந்த ஒரு முறையில் இந்தக் குறை தெளிவாகத் தெரிந்தது, குழுக்கள் உள்ளே இணைந்திருக்கும் என்று உத்தரவாதம் தர முடியுமா என்று ஒருவர் கேட்ட பிறகுதான். அவர்களுடைய மாற்றுமுறை அந்த உத்தரவாதத்தைத் தருகிறது, வேகத்தையும் இழக்கவில்லை. இன்றைய இயந்திரக் கற்றல் முறைகளுக்கும் இதே வாதம் பொருந்தும். அவையும் ஏதோ ஓர் அளவைக் குறைப்பதற்காகவே பயிற்றுவிக்கப்படுகின்றன; அந்த அளவு என்னவென்று பயன்படுத்துபவருக்குத் தெரியாமல் போவதுதான் வித்தியாசம்.

அளவுகோலையே விசாரணைக்கு உட்படுத்திய நல்ல முன்மாதிரி ஒன்று 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சென்னையில் பிறந்த ரவி கண்ணன், சந்தோஷ் வெம்பாலா, ஏட்ரியன் வெட்டா மூவரும், புழக்கத்தில் இருந்த அளவுகோல்கள் வெளிப்படையாகத் தெரியும் நல்ல பிரிப்பைக்கூடத் தவறவிடும் உதாரணங்களை முன்வைத்தார்கள். பிறகு இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்டார்கள்: ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எளிதாக அறுபடும் பலவீனமான இடம் இருக்கக் கூடாது, குழுக்களுக்கு இடையே போகும் கோடுகளும் குறைவாக இருக்க வேண்டும். எந்த ஒன்றையும் தனியாக விட்டால் விடை கெட்டுப்போகும் என்பதை உணர்ந்த கேள்வி அது. அதன் பிறகே அல்காரிதத்தையும் அதன் உத்தரவாதத்தையும் எழுதினார்கள். அந்த வரிசைதான் சரியான வரிசை.

குழு பிரிக்கும் அல்காரிதங்கள் இப்போது ஆய்வகத்தோடு நிற்பதில்லை. மோசடிக் கணக்குகளைப் பிடிக்கவும், பயனாளிப் பட்டியல்களில் இரட்டைப் பதிவுகளை நீக்கவும், வாடிக்கையாளர்களை வகைப்படுத்தவும் அவை பயன்படுகின்றன. இரண்டு முருகேசன்களை ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டால், அவர்களில் ஒருவருக்கு வரவேண்டியது வராமல் போகும். ஆகவே இவற்றைப் பயன்படுத்தும் ஒவ்வோர் அலுவலகமும் நிறுவனமும் முடிவோடு சேர்த்து மூன்று தகவல்களை வெளியிட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை: எந்த அளவுகோலின்படி பிரித்தார்கள், கிடைத்த விடை மிகச் சிறந்ததற்கு எவ்வளவு அருகில் இருப்பதாக உத்தரவாதம் உண்டு, கிட்டத்தட்ட அதே மதிப்புள்ள வேறு பிரிப்புகளில் இந்த ஆள் எந்தக் குழுவில் விழுகிறார். "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அதனிடம் என்ன கேட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.